வில்லுப்பாட்டு அண்ணாவி பேசுகிற குரலை எப்படி விவரிப்பது?

மேலக்கரை எழுதியது:

வணக்கம். நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடிய ஒரு கேசட் பதிவு கையில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் கொடைவிழாவில் எடுத்தது, தொண்ணூறுகளின் தொடக்கம் என்று கொடுத்தவர் சொன்னார். அதைக் கணினிக்கு மாற்றியாகிவிட்டது. கதையின் பாடபேதம், பாட்டின் கட்டமைப்பு, கொடையில் அதன் இடம் என்று எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டேன். இடிப்பது குரலைப் பற்றிய பகுதி ஒன்றுதான்.

வரைவில், குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவியைப் பற்றி, ‘அண்ணாவியின் குரல் கணீரென்று ஒலிக்கிறது, உணர்ச்சிக்கு ஏற்பக் குழைகிறது, கேட்போரைக் கட்டிப்போடுகிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு, இதை எந்தப் பாடகருக்கும் எழுதலாமே, இந்த ஆளின் குரலைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று திருப்பிவிட்டார். சரி, வேறெப்படித்தான் எழுதுவது?

நான் எடுத்துக்கொண்ட இடம், பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கிற சாதியைச் சேர்ந்த வாலப்பகடையிடம் பெண் கேட்கிற இடம். பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேரையும் கட்டித் தரச் சொல்லி அவன் கேட்க, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்து விற்றுக்காட்டு, பிறகு பார்க்கலாம் என்று பகடை சொல்வார். இந்தப் பகுதியில் பாட்டு கொஞ்சம்தான், மீதியெல்லாம் பேச்சு. ஆனால் சும்மா பேசுகிற பேச்சும் இல்லை. பின்னால் உடுக்கை ஓடுகிறது, குடம் விழுகிறது, வில்மணி சலசலக்கிறது, ஆர்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு ஆளாகவும் ஒரே அண்ணாவிதான் பேசுகிறார். மிமிக்ரி மாதிரி குரலை மாற்றுவதெல்லாம் கிடையாது. ஆனாலும் இப்போது பேசுவது பட்டனா பகடையா என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. அது எப்படித் தெரிகிறது என்பதை எழுத வேண்டும், அதற்குத்தான் என்னிடம் சொல் இல்லை.

எதைக் கவனித்துக் கேட்பது, எதை அளக்க முடியும், மென்பொருள் ஏதாவது உதவுமா? எனக்குச் சங்கீதம் பெரிதாகத் தெரியாது. சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.


காந்தநாடா எழுதியது:

குரலைத் தொடுவதற்கு முன் பதிவைப் பாருங்கள். கொடைப் பதிவு என்றால் முதல் கேள்வி, மைக் எங்கே இருந்தது? ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேரே கம்பி போட்டு எடுத்தார்களா, இல்லை கூட்டத்தில் ஒருவர் மடியில் டேப்ரிக்கார்டரை வைத்துக் குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து எடுத்தாரா? இரண்டாவதுதான் என்றால் உங்கள் ‘கணீர்’ பாதி அந்தக் குழாயுடைய கணீர். கூம்பு ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காக எதையும் தராது. நடுப்பகுதியைத்தான் தூக்கிக் கொடுக்கும், நம் காதுக்கு 2000 முதல் 4000 வரைதான் கூர்மை அதிகம். ஆகவே அதன் வழியே வருகிற எந்தக் குரலுக்கும் ஒரு வெட்டு இருக்கும். மார்புக்குரலின் கனம், அடித்தொண்டை உறுமல் இதெல்லாம் இந்த ஆளிடம் இல்லை என்று அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள். நேரே உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இருந்திருக்கும்.

அடுத்தது வேகம். கேசட் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பதிந்த டெக்கும் நீங்கள் ஓட்டிய டெக்கும் அப்படியே ஓடியிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் பக்கத்துச் சுரம் அளவுக்கு, ஏறிவிடும், பேச்சும் அதே அளவு விரைவாகும், குரலின் நிறமும் சற்று இளமையாகக் கேட்கும். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பதிவில் எங்காவது மின்சார ஹம் என்கிற ரீங்காரம் கேட்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 50-லும் 100-லும் ஒரு கோடு நிற்கும். யாரும் பேசாத இரண்டு நொடியை எடுத்து, ஒலியை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். 100-இல் நிற்க வேண்டிய கோடு 103-இல் நின்றால் பதிவு மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது. இரண்டு எச்சரிக்கை: நீங்கள் கணினிக்கு மாற்றும்போதே புதிதாக ஒரு ஹம் சேர்ந்திருக்கலாம், அது சரியாக 50, 100 என்று தனியாக நிற்கும், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கொடையில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்த வழியே ஆகாது.

இதெல்லாம் முடிந்தபிறகு பிராட் மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து போல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதியது, காசு கிடையாது, பேச்சு ஆய்வு செய்கிறவர்கள் உலகமெங்கும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி முழுவதையும் ஒரேயடியாகப் போடாமல், இருவர் பேச்சும் மாறி மாறி வருகிற அரை நிமிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கீழே அடுக்கடுக்காகக் குறிப்பு எழுத வசதி இருக்கிறது: ஒரு அடுக்கில் சொற்கள், ஒன்றில் யார் பேசுவது, ஒன்றில் உடுக்கையும் குடமும் விழுகிற இடம், ஒன்றில் மூச்சு. இந்தக் குறிப்பு எழுதுகிற வேலைதான் பெரிய வேலை. இதைச் செய்யும்போதே பாதி விடை காதில் விழுந்துவிடும்.

சுருதிக் கோட்டை ஹெர்ட்ஸில் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ஆர்மோனியம் பிடித்து நிற்கிற ஸட்ஜத்தை, அதாவது ஸ என்கிற ஆதாரச் சுரத்தை, பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து எத்தனை அரைக்கட்டை மேலே, எத்தனை கீழே என்று மாற்றிப் பாருங்கள். பேச்சு இசையோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பது அதில்தான் தெரியும். ஆண்குரலுக்குத் தேடும் எல்லையின் அடியை 75-இல் வைக்கலாம், மேல் எல்லையை 350 அளவுக்கு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் உடுக்கைச் சத்தத்தைக் குரல் என்று நினைத்துக்கொண்டு கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி தாவும். தாவிய இடத்தையெல்லாம் காதால் கேட்டுக் கையால் திருத்த வேண்டும், வேறு வழி கிடையாது. குழாய் ஸ்பீக்கர் அடிப்பகுதியைத் தின்றுவிட்டாலும் சுருதியைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு மேலே இருக்கிற மடங்கு அதிர்வெண்களின் இடைவெளியை வைத்து மென்பொருளும் கண்டுபிடிக்கும், நம் காதும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறது.

ஜிட்டர், ஷிம்மர் என்று சில எண்களையும் அது கொடுக்கும். குரலின் கரகரப்பை அளக்கிறேன் என்று அவற்றை அட்டவணையாகப் போட்டுவிடாதீர்கள், பார்க்க விஞ்ஞானமாக இருக்கும், அவ்வளவுதான். அமைதியான அறையில் ஒரே உயிரெழுத்தை நீட்டிப் பதிகிறபோது பயன்படுகிற அளவைகள் அவை. பின்னால் ஜால்ரா ஒலிக்கும்போது அளந்தால் ஜால்ராவின் கரகரப்பைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஸ்ப்ளீட்டர், டிமக்ஸ் மாதிரி குரலைத் தனியே பிரிக்கிற கருவிகளையும் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் மேற்கத்திய பாப் இசையில் பழக்கியவை என்பதால் நம் வாத்தியங்களில் தடுமாறும். குடத்தை ஓரளவு கழித்துவிடும். உடுக்கையின் நடுக்கயிற்றை அமுக்கும்போது வருகிற அந்த வளைந்த ‘ம்ம்’ ஓசையை மனிதக் குரல் என்று நினைத்து இந்தப் பக்கம் தள்ளிவிடும்.


நாஞ்சில் உடுக்கை எழுதியது:

மேலே தம்பி சொன்னது எல்லாம் சரியாக இருக்கலாம், எனக்கு அந்தக் கருவி எதுவும் தெரியாது. குமரி மாவட்டத்தில் நான் ரொம்ப காலம் குழுவில் உடுக்கை அடித்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் மக்களே.

குரலைப் பிரித்து எடுக்கிற யோசனையே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணாவி தனியாகப் பேசுவதே இல்லை. அவர் ஒரு வரி சொன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து ‘ஆமா’ விழும். அந்த ஆமாவை நீக்கிவிட்டால் அவர் ஏன் அங்கே நிறுத்தினார், ஏன் அந்த இழுவை என்று உனக்குத் தெரியாது. ஆமா போடுகிற ஆள் சும்மா தலையாட்டுகிறவர் இல்லை. அண்ணாவி மூச்சு எடுப்பது அந்த ஆமாவுக்குள்தான். கேட்கிறவனுக்கு அவர் விடாமல் பேசுகிற மாதிரி இருக்கும், உண்மையில் ஒவ்வொரு ஆமாவிலும் அரை மூச்சு எடுத்துக்கொள்வார். நல்ல ஆமா போடுகிறவன் இல்லாத அன்று அண்ணாவிக்கு நடுராத்திரிக்கு முன்னாலேயே தொண்டை கட்டிவிடும்.

ஸட்ஜத்தைப் பிடித்து நிற்பதும் அந்த ஆள்தான். எங்கள் குழுவுக்கு ஆர்மோனியம் வந்ததெல்லாம் பிந்தித்தான். அதற்கு முன் வலத்தே பாடுகிறவர் விட்ட சுரத்தை இடத்தே பாடுகிறவர் எடுத்துக் காப்பாற்றி வைப்பார். வசனத்தில் அண்ணாவி எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஏசலாம், அழலாம், கிசுகிசுக்கலாம். ஆமா மட்டும் அதே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த பாட்டு எடுக்க வேண்டிய நேரம் வரும்போது அவர் அந்த ஆமாவைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவார்.

இன்னொன்று, வீசுகோல். அண்ணாவி இரண்டு கையாலும் நாணை அடித்துக்கொண்டே பேசுகிறவர். பாட்டில் கை தாளத்துக்கு அடிக்கும். வசனத்தில் கையை லேசாக்கிவிடுவார், சில சொல்லுக்கு மட்டும் ஓங்கி ஒன்று போடுவார். அந்தச் சொல்லைத் தொண்டையால் கத்த வேண்டியதே இல்லை, கோல் கத்திவிடும். உன் பதிவில் அவர் ‘கோபப்படுகிறார்’ என்று உனக்குத் தோன்றுகிற இடத்தைத் திரும்பக் கேட்டுப் பார். குரல் ஏறியிருக்கிறதா, கோல் விழுந்திருக்கிறதா? முக்காலும் கோல்தான் விழுந்திருக்கும்.

குரல் கனம், இனிமை இதெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. இன்ன அண்ணாவிக்கு எடுப்பு நல்லாயிருக்கும், இன்னாருக்கு விடுப்பு சரியில்லை என்போம். எடுப்பு என்றால் வரியை எந்த இடத்திலிருந்து தூக்குகிறார். விடுப்பு என்றால் எங்கே கொண்டுபோய் விடுகிறார். கரகரத்த குரல்காரர்கள் எத்தனையோ பேர் பெரிய அண்ணாவிகளாக இருந்திருக்கிறார்கள். குடம் கும்மென்று கீழே கிடக்கும், ஜால்ராவும் மணியும் மேலே கிடக்கும், நடுவில் ஒரு சந்து இருக்கிறது, குரல் அதற்குள் நுழைந்துவிட்டால் போதும். அதற்குக் கொஞ்சம் மூக்கும் கொஞ்சம் கரகரப்பும் இருந்தால் நல்லதுதான். வழுவழுவென்று இருக்கிற குரல் குடத்துக்குள் அமுங்கிப் போகும்.


சபாவாசி எழுதியது:

உடுக்கை ஐயா சொன்னதில் எனக்குப் புதிதாக நிறைய இருந்தது. நான் சென்னையில் இருந்துகொண்டு வானொலியிலும் சபாவிலும் கேட்டு வளர்ந்தவன். எனக்கு வில்லுப்பாட்டு என்றால் சுப்பு ஆறுமுகம்தான், கொடையில் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. என்.எஸ். கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்ததும், பிறகு வானொலி மூலம் தமிழ்நாடு முழுக்கப் போனதும் எல்லோருக்கும் தெரியும். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு காலமானார்.

அவர் குரலோடு உங்கள் பதிவை ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் ஆளின் குரல் என்ன என்று தெரியவரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விவரிக்கும்போதுதான் ‘கணீர்’, ‘குழைவு’ என்று பொதுச்சொல் வந்து விழுகிறது, பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால் எது இல்லை என்பதாவது தெரியும். சுப்பு ஆறுமுகத்திடம் எனக்குப் படுவது ஒரு சிரிப்பு. வசனத்தில் குரல் எப்போதும் வீட்டுத் திண்ணையில் பேசுகிற அளவில்தான் இருக்கும், எதிரே மைக் இருக்கிறது என்ற தெம்பில் பேசுகிற குரல் அது. கொடையில் பாடுகிறவர் ஊரின் கடைசிவரைக்கும் கேட்க வேண்டும், சாமியாடியை எழுப்ப வேண்டும். அங்கே சத்தமே ஒரு வேலை செய்கிறது. இங்கே சபையில் அந்த வேலை இல்லை, நகைச்சுவைதான் வேலை, அதற்குத் தாழ்ந்த குரலும் சரியான இடத்து நிறுத்தமும் போதும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். சுருதிக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்கிற குரலைப் பற்றி மேற்கே ஷோன்பெர்க் என்கிற இசையமைப்பாளர் ரொம்பத் தலையை உடைத்துக்கொண்டார். 1912-இல் பெர்லினில் அரங்கேறிய ‘பியரோ லூனேர்’ என்ற படைப்பு. 21 கவிதைகள், ஆல்பர்டினே சேமே என்ற நடிகைக்காக எழுதியது, பின்னால் ஐந்தே வாத்தியக்காரர்கள். ஒவ்வொரு அசைக்கும் சுரம் எழுதிவைத்துவிட்டு, முன்குறிப்பில் பாட்டுக்குரல் சுரத்தில் நிற்கும், பேச்சுக்குரல் சுரத்தைத் தொட்ட உடனே ஏறியோ இறங்கியோ அதைவிட்டு விலகிவிட வேண்டும் என்று சொல்கிறார். பாட்டு மாதிரி இழுத்துப் பேசக்கூடாது, அன்றாடப் பேச்சாகவும் இருந்துவிடக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆக, தொட்டுவிட்டு விலகுவது. மேலக்கரை, உங்கள் அண்ணாவி சுரத்தைத் தொடுகிறாரா, தொட்ட பின் எந்தத் திசையில், எவ்வளவு சீக்கிரம் விலகுகிறார் என்று பாருங்களேன். இதைச் சொல்லால் எழுதவும் முடியும், காந்தநாடா சொன்ன கோட்டிலும் காட்ட முடியும். ஷோன்பெர்க்கே நடத்தி 1940-இல் பதிவான இசைத்தட்டில் பேசுகிற அம்மா, எழுதிவைத்த சுரத்தைப் பல இடங்களில் கண்டுகொள்ளவே இல்லை என்பது தனிக்கதை.


நாஞ்சில் உடுக்கை எழுதியது:

சபாவாசி, ஒன்றே ஒன்று. திண்ணைப் பேச்சு சபையில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கொடையிலும் கதை தொடங்குகிற நேரம் அப்படித்தான் இருக்கும். சாமியை அழைக்கிற குடியழைப்பு முடிந்து பிள்ளைகள் தூங்கப் போகாத நேரத்தில் பேசுகிற குரல் வேறு, நடுராத்திரிக்கு மேல் மேளமும் சேர்ந்து சாமி வருகிற இடத்தில் பேசுகிற குரல் வேறு. அந்த இடத்தில் பேச்சே கிடையாது, சொல் முழுக்கத் தாளத்துக்குள் போய்விடும். ஒரே அண்ணாவி, ஒரே ராத்திரிதான். எந்த நேரத்துப் பதிவு என்று தெரியாமல் குரலை எடை போடக்கூடாது.


மேலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு வாரம் இதிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் அடியுங்கள்.

முதலில் வேகம். ஹம் கோடு இரண்டு இடத்தில் நிற்கிறது, ஒன்று சரியாக 100, இன்னொன்று 102.5. காந்தநாடா சொன்னபடி முதலாவது நான் மாற்றும்போது சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் பதிவு இரண்டரை சதவீதம் வேகம். ஆர்மோனியம் பிடித்த சுரம் 142 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. வேகத்தைச் சரிசெய்தால் 138.5 வருகிறது, அது ஒன்றரைக் கட்டைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆர்மோனியத்தில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுரம் கிடையாதே என்று முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது, அது தீர்ந்தது.

குரலைப் பிரிக்கிற கருவியைப் போட்டுப் பார்த்தேன். உடுக்கை உள்ளே வந்துவிட்டது, கூடவே பாதி ஆமாக்கள் காணாமல் போய்விட்டன. உடுக்கை அண்ணாச்சி பேச்சைக் கேட்டு அதை ஓரமாக வைத்துவிட்டு மூலப் பதிவிலேயே வேலை செய்தேன்.

இப்போது பட்டனும் பகடையும். குரலின் நிறத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் காட்ட முடியவில்லை. வித்தியாசம் எடுப்பிலும் விடுப்பிலும்தான் இருக்கிறது. பட்டன் பேசுகிற ஒவ்வொரு வரியும் பஞ்சமத்துக்குப் பக்கத்தில், பூஜ்யத்திலிருந்து ஆறு ஏழு அரைக்கட்டை மேலே தொடங்குகிறது. கொஞ்சதூரம் அங்கேயே ஏறாமல் இறங்காமல் மந்திரம் சொல்கிற மாதிரி போகிறது, கடைசிச் சொல்லில் ஸட்ஜத்தில் வந்து அமர்கிறது. வேகம் ஒரே சீர். பகடையின் வரி மூன்று நாலு அரைக்கட்டையில் தொடங்கி உடனே சரிகிறது, ஸட்ஜத்தைத் தாண்டிக் கீழே போய் அதற்கு நாலைந்து அரைக்கட்டை அடியில் முடிகிறது. ஆர்மோனியத்தோடு சேராத இடத்தில் முடிகிறது. பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் உடுக்கை மட்டும். அதற்குப் பிறகுதான் ஆமா. பட்டன் வரிக்கு ஆமா உடனே விழுகிறது, சில இடங்களில் அவர் முடிப்பதற்கு முன்னாலேயே மேலே ஏறி விழுகிறது.

ஆக, ஒருவன் சுருதிக்குள்ளே பேசுகிறான், ஒருவர் சுருதிக்கு வெளியே பேசுகிறார். பிராமணப் பையன் படித்த வேத ஓத்து மாதிரி ஒன்று, மலையில் மாடு மேய்க்கிறவர் பேச்சு மாதிரி ஒன்று என்று பொருள் சொல்லலாமா என்று யோசித்தேன்.

கடைசியில் நடப்பது இன்னும் சுவாரசியம். மூன்று நிபந்தனையையும் பகடை சொல்லி முடித்ததும் பட்டன் ‘சம்மதம்’ என்கிறான். அந்த ஒரு சொல் மேலே பஞ்சமத்தில் தொடங்கவே இல்லை. பகடையின் இடத்திலிருந்து தொடங்கிப் பகடையின் இடத்திலேயே கீழே முடிகிறது. இடைவெளி, உடுக்கை, அப்புறம் ஆமா. கோலும் விழவில்லை. பத்து தடவைக்கு மேல் கேட்டும் முதலில் இதைப் பேசியது பகடை என்றே குறித்து வைத்திருந்தேன், சொல் பட்டனுடையது.


நாஞ்சில் உடுக்கை எழுதியது:

அந்த அண்ணாவி யார் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் மக்களே. அது தற்செயலாக வராது. பூணூலை அறுக்கிற இடம் கதையில் பிறகுதான் வரும், அவர் குரலில் இங்கேயே அறுத்துவிட்டார். நான் அடித்த குழுவில் அந்த இடத்தில் பட்டனை மேலே கொண்டுபோய் நிறுத்துவார்கள், வீரம் தெரிய வேண்டும் என்று. இவர் கீழே இறக்கியிருக்கிறார் என்றால் அந்த உடுக்கைக்காரனுக்கும் அது முன்னாலேயே தெரிந்திருக்கும், இல்லையென்றால் சம்மதத்துக்கு அவன் கை பாட்டுக்குக் குதித்திருக்கும். கடைசியில் உடுக்கை ஒரே அடியா, உருட்டா?


மேலக்கரை எழுதியது:

ஒரே அடி அண்ணாச்சி. கயிற்றை அமுக்கி விட்ட அடி, கீழ்நோக்கி வளைகிறது.


காந்தநாடா எழுதியது:

நல்ல வேலை. அடிக்கச் சொன்னதால் அடிக்கிறேன், இரண்டு இடம்.

ஒன்று, ஓத்து, மாடு மேய்க்கிறவர் பேச்சு என்று நீங்கள் சொல்கிற பொருள். வரியின் வடிவம் வேறு என்பது கோட்டில் தெரிகிறது, அதை எழுதுங்கள். அது சாதியைக் காட்டுகிறதா, வயதைக் காட்டுகிறதா, கெஞ்சுகிறவன், மறுக்கிறவர் என்கிற நிலையைக் காட்டுகிறதா என்பது இந்த அரை நிமிடத்தில் தெரியாது. கெஞ்சுகிற எவனும் மேலே தொடங்குவான், மறுக்கிறவர் கீழே முடிப்பார். இதே அண்ணாவி பட்டனின் அண்ணன்மார் வந்து தடுக்கிற இடத்தில் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அவர்களும் பிராமணர்கள், ஆனால் மறுக்கிறவர்கள். அவர்கள் வரி பஞ்சமத்தில் நின்றால் உங்கள் ஓத்து நிற்கும், கீழே சரிந்தால் அது சாதி இல்லை, மறுப்பு. பொம்மக்காவும் திம்மக்காவும் பேசுகிற இடமும் கிடைத்தால் விடாதீர்கள், பெண்ணுக்காகக் கள்ளக்குரலுக்குப் போகிறாரா, இல்லை அங்கேயும் எடுப்பை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

இரண்டு, ‘குரலின் நிறத்தில் வித்தியாசம் இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்தப் பதிவில் காட்ட முடியவில்லை’ என்று எழுதுங்கள். குழாய் தின்றது போக மீதியைத்தான் நாம் பார்க்கிறோம்.

சுத்தமான ஒலியில் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டுமானால் ‘நல்லதம்பி’ படத்தில் என்.எஸ்.கே. செய்கிற கிந்தனார் காலட்சேபத்தைக் கேளுங்கள், 1949-இல் வந்தது. வில்லுப்பாட்டு இல்லைதான், ஆனால் ஒரே ஆள் பாகவதராகவும் கதைமாந்தராகவும் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் போய்வருவது பட்டவர்த்தனமாகக் கேட்கும். ஸ்டூடியோ ஒலி என்பதால் கோடும் அவ்வளவாக உடையாது.


சபாவாசி எழுதியது:

கிந்தனாரை நான் சொல்லியிருக்க வேண்டும், முந்திக்கொண்டீர்கள். அதில் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிற இடத்தையும் கவனியுங்கள், உடுக்கை ஐயா சொன்ன ஆமா வேலையை அங்கே அவர்கள்தான் செய்கிறார்கள்.


மேலக்கரை எழுதியது:

அண்ணன்மார் வருகிற இடம் கேசட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. இன்னும் குறிப்பு எழுதவில்லை, இந்த வாரம் உட்காருகிறேன். அண்ணாச்சி, அண்ணாவி யார் என்று கேசட் கொடுத்தவரிடம் கேட்டிருக்கிறேன், தெரிந்தால் தனியே சொல்கிறேன்.


காந்தநாடா எழுதியது:

மறுபக்கத்துக்கும் ஹம்மைத் தனியாகப் பாருங்கள். பேட்டரி இறங்க இறங்க டேப்ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும், அப்படிப் பதிந்ததை இப்போது ஓட்டினால் வேகமாகக் கேட்கும். முதல் பக்கத்து இரண்டரை சதவீதத்தை அப்படியே அங்கே போட்டுவிடாதீர்கள். பேட்டரியில் எடுத்திருந்தாலும் ஆம்ப்ளிஃபையர் ஹம் ஸ்பீக்கர் வழியாக உள்ளே வந்திருக்கும், ஆளில்லாத இடமாகத் தேடினால் கிடைக்கும்.